நம்பிக்கையும் விசுவாசமும்: எதிர்ப்புகளின் நடுவே சீகன்பால்கு

முன்னுரை

தமிழ் அச்சு வரலாற்றை எழுதுவோரும் தமிழ் விவிலிய வரலாற்றை எழுதுவோரும் தவறாது குறிப்பிடும் பெயர் பர்த்தலோமேயு சீகன்பால்கு (1682–1719). இந்திய மொழியொன்றில் முழுமையாக அச்சேறிய முதல் புதிய ஏற்பாடு அவர் மொழிபெயர்த்த தமிழ்ப் புதிய ஏற்பாடே என்பதும், தரங்கம்பாடி அச்சகம் அவர் காலத்தில் தோன்றியது என்பதும் பலரும் அறிந்தவை. அவர் வாழ்வைக் கூறும் நூல்களிற் பல, அயல்நாட்டுக் குரு ஒருவர் இந்நாட்டு மக்களின் எதிர்ப்பை வென்று சமயப்பணி செய்த கதையாகவே அதனை வரைந்துள்ளன. கிடைக்கும் செய்திகளைக் கால வரிசையில் வைத்துப் பார்க்கும்போது வேறொரு சித்திரம் எழுகிறது. சீகன்பால்குவை நெடுங்காலம் வருத்திய எதிர்ப்பு தமிழரிடமிருந்து வந்ததன்று. அவர் ஞானஸ்நானம் பெற்ற அதே லூத்தரன் சபையைச் சேர்ந்த அதிகாரிகளிடமிருந்தும், இறுதியில் அவரை அனுப்பி ஆதரித்த பணிக்கழகத்திடமிருந்தும் வந்தது. தம் சமயத்தாரே எதிர்நிற்கும்போது இறைவனைச் சார்ந்து நிற்றல் என்பது அவர் வாழ்வில் எவ்வடிவம் கொண்டது என்பதனை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

இவ்வாய்வுக்குத் தமிழ்க் கிறித்தவச் சொல்வழக்கே ஒரு திறவுகோலைத் தருகிறது. தமிழ்க் கிறித்தவர் ‘விசுவாசம்’ என்னும் சொல்லையும் ‘நம்பிக்கை’ என்னும் சொல்லையும் வேறுபடுத்தி வழங்குவர். நம்பிக்கை வரவிருக்கும் நன்மையை எதிர்நோக்குவது. விசுவாசமோ, சமய வழக்கிற்கு வெளியே, தலைவன்மாட்டு ஊழியன் கொள்ளும் பற்றுறுதியையும் குறிப்பது; ஆண்டான் நலஞ்செய்தாலும் செய்யாவிட்டாலும் பிறழாத நிலை அது. சீகன்பால்குவின் தரங்கம்பாடி வாழ்வில் நம்பிக்கை பன்முறை பொய்த்தது. விசுவாசம் பொய்த்ததாகத் தெரியவில்லை.

பல்ஸ்னிட்ஸ் முதல் தரங்கம்பாடி வரை

சாக்சனி நாட்டின் பல்ஸ்னிட்ஸ் என்னும் சிற்றூரில், தானிய வணிகர் ஒருவரின் மகனாக 1682இல் சீகன்பால்கு பிறந்தார். இளமையிலேயே தாயையும் தந்தையையும் இழந்தார். தாய் இறக்கும் தறுவாயில், தாம் பிள்ளைகளுக்கு விட்டுச்செல்லும் பெருஞ்செல்வம் விவிலியமே என்று கூறிச் சென்றதாக ஒரு மரபுச் செய்தி உண்டு. உடல்நலம் எப்போதும் குன்றியே இருந்தது. கல்வி இடையிடையே தடைப்பட்டது. கோர்லிட்ஸ், பெர்லின் ஆகிய இடங்களில் பயின்ற பின், ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே என்பவர் நடத்திய பக்தி இயக்கத்தின் மையமாகிய ஹாலே நகரை 1703இல் அடைந்தார். சடங்கினும் கோட்பாட்டுச் சொற்போரினும் உள்ள மாற்றத்தையும் ஒழுக்கத்தையும் முதன்மையாகக் கொண்ட அவ்வியக்கம் அக்கால லூத்தரன் சபைத் தலைவர் பலரின் ஐயத்துக்கு ஆளாகியிருந்தது. எதிர்ப்புக்கான வித்து அங்கேயே ஊன்றப்பட்டுவிட்டது எனலாம்.

டென்மார்க் மன்னர் நான்காம் பிரடெரிக், தம் ஆளுகைக்குட்பட்ட கடல்கடந்த நிலங்களுக்குச் சமயப்பணியாளரை அனுப்ப விழைந்தார். தம் நாட்டில் தகுந்தோர் கிடைக்காமையால் ஜெர்மனியிலிருந்து சீகன்பால்குவும் ஹென்ரிக் புளூட்சோவும் தேர்ந்தெடுக்கப்பட்டனர். கோபன்ஹேகனில் பேராயர் நடத்திய தேர்வில் இருவரும் முதலில் தேறவில்லை. மன்னரின் தலையீட்டால் மறுதேர்வு நடந்து, 1705 நவம்பரில் குருப்பட்டம் பெற்று, அம்மாதத்திலேயே கப்பலேறினர். அரசரின் விருப்பம் ஒருபுறம், சபையின் மனமின்மை மறுபுறம் என்னும் இந்த இழுபறி அவருடைய பணி முழுவதையும் நிழல்போல் தொடர்ந்தது.

தரங்கம்பாடி 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கருடன் செய்துகொண்ட உடன்படிக்கையின்வழி டேனியருக்குக் கிடைத்த சிறு துறைமுகம். 1706இல் தஞ்சை மராத்திய மன்னர் ஆட்சியில் இருந்தது. ஊரை ஆண்டது டேனியக் கிழக்கிந்தியக் கம்பெனி, அரசர் அல்லர். கம்பெனிக்கு வேண்டியது வாணிகம். உள்ளூர் வணிகரின் மனத்தைப் புண்படுத்தக்கூடிய எதனையும் அது விரும்பவில்லை. சமயப்பணியாளருக்கு ஒத்துழைக்க வேண்டாம் என்று கம்பெனி இயக்குநர்கள் தரங்கம்பாடி ஆளுநருக்கு மறைவாக எழுதியிருந்தனர் என்பது பணிவரலாற்றாசிரியர் பலரின் துணிபு. 1706 ஜூலை 9ஆம் நாள் கரையிறங்கிய இருவரும் நெடுநேரம் ஊருக்கு வெளியே காத்திருக்க வைக்கப்பட்டனர். மாலையில் வந்த ஆளுநர் ஹேசியஸ், மன்னரின் முத்திரையிட்ட ஆணையைக் கண்டும் முகங்கொடாமல் விசாரித்துவிட்டு அவர்களைத் தெருவிலேயே விட்டுச் சென்றார். மன்னரின் பெயரால் வந்தவர்களுக்கு மன்னரின் கொடி பறந்த ஊரில் தங்க இடமில்லை.

மணலில் எழுதிய எழுத்து

இந்த வரவேற்புக்குச் சீகன்பால்கு அளித்த மறுமொழி, மொழி கற்றது. ஊரிலிருந்த எழுபது வயதுத் திண்ணைப்பள்ளி ஆசிரியர் ஒருவரைத் தம் வீட்டிலேயே பள்ளி நடத்தச் செய்து, சிறுவர்களோடு தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் நெடுங்கணக்கைக் கற்றார். கம்பெனியில் முன்பு துபாசியாக இருந்து, ஐரோப்பிய மொழிகள் சிலவும் அறிந்த அழகப்பன் என்பவர் பேச்சுத் தமிழுக்கும் பொருள் விளக்கத்துக்கும் துணையானார். இரண்டே ஆண்டுகளில், தாம் தேடித் தொகுத்த தமிழ்ச் சுவடிகளின் பட்டியலொன்றை 1708இல் ஐரோப்பாவுக்கு அனுப்பினார். அதில் கிறித்தவர் அல்லாத தமிழர் இயற்றிய நூல்கள் மட்டும் 119 இடம்பெற்றன. திருக்குறள் அதிலுண்டு. அவ்வாண்டிலேயே நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகியவற்றை ஜெர்மன் மொழியில் பெயர்த்தார்.

இங்கு ஒன்றைக் குறிப்பிட வேண்டும். சீகன்பால்கு இந்நூல்களைத் தேடியது முதற்கண் மறுப்பதற்காகவே. அதனை மறைப்பதில் பயனில்லை. எனினும் படிக்கப் படிக்க அவர் கணிப்பு மாறியது. நூலறிவும் நல்லொழுக்கமும் இம்மக்களிடம் உண்டு என்பதனை ஐரோப்பியருக்கு எழுத அவர் தயங்கவில்லை. இந்த நேர்மையே பின்னாளில் தம்மவரோடு அவருக்கு ஏற்பட்ட உரசல்களுள் ஒன்றுக்குக் காரணமாயிற்று.

பணி சிறு அளவில் தளிர்த்தது. 1707 மே மாதம் ஐரோப்பியர் இல்லங்களில் அடிமைகளாக இருந்த ஐவர் ஞானஸ்நானம் பெற்றனர். ஆகஸ்டில் சிறியதொரு ஆலயம் எழுந்தது. செப்டம்பரில் தமிழர் ஒன்பதின்மர் சேர்ந்தனர். எண்ணிக்கை சிறிதாயினும் அதன் விளைவு சிறிதன்று. அடிமையும் ஆண்டானும் ஒரே சமயத்தவராயின், அடிமையின் மீது ஆண்டான் செலுத்தும் அதிகாரத்துக்கு என்ன பொருள் என்னும் கேள்வி எழுந்தது. கம்பெனி ஊழியரும் ஊரிலிருந்த டேனியக் குருமாரும் இப்பணியை இடையூறாகக் கருதியதில் வியப்பில்லை. இதற்கிடையே ஐரோப்பாவிலிருந்து வந்த உதவிப்பணம் கப்பலிலிருந்து கரைசேர்க்கும்போது பெட்டியோடு கடலில் மூழ்கியது. எதிர்நோக்கியிருந்த உதவி கண்ணெதிரே கைநழுவிய நிகழ்ச்சி அது.

நான்கு மாதச் சிறை

1708 அக்டோபர் 17ஆம் நாள் சீகன்பால்கு புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்க்கத் தொடங்கினார். ஒரு மாதம் கழிந்து, நவம்பர் 19ஆம் நாள் டேன்ஸ்போர்க் கோட்டையில் சிறைவைக்கப்பட்டார்.

சிறைக்குக் காரணம் சமயப்போதனை அன்று. ஏழைக் கைம்பெண் ஒருத்தியின் வழக்கு. நாவிதத் தொழில் செய்து இறந்த ஒருவருக்கும், கம்பெனியில் மொழிபெயர்ப்பாளராக இருந்த கத்தோலிக்கர் ஒருவருக்கும் இடையே இருந்த கடன் தொடர்பான வழக்கு அது. அப்பெண்ணுக்குத் தீர்ப்பில் அநீதி இழைக்கப்பட்டதாகச் சீகன்பால்கு கருதினார். பன்முறை ஆளுநரிடம் பரிந்து பேசினார். டேனிய ஆலயத்தில் ஆளுநர்முன் மண்டியிட்டு முறையிடுமாறு அவளுக்கு அறிவுரை கூறினார். ஆளுநர் அவரை அழைத்தபோது எழுத்துவடிவில் அழைப்பாணை வேண்டும் என்றார். அதன்மேல் வீரர்கள் வந்து அவரைப் பிடித்துச் சென்றனர். விசாரணை மன்றில் கேட்ட கேள்விகளுக்கு விடையளிக்க மறுத்தார். சிறைக்கதவு அடைபட்டது.

இந்நிகழ்ச்சியைத் தூய சமயத் துன்புறுத்தலாகக் காட்டுவது வரலாற்றுக்கு நியாயம் ஆகாது. ஹேசியஸின் பக்கத்திலிருந்து நோக்கினால், நீதிமன்றில் முடிந்த வழக்கொன்றில் குருவானவர் தலையிட்டு, வழிபாட்டு நேரத்தையே பொது முறையீட்டுக் களமாக்கி, அழைத்தபோதும் வர மறுத்தார். சீகன்பால்குவிடம் சினமும் பிடிவாதமும் இருந்தன என்பதனை அவரை மதித்தோரும் ஒப்புக்கொண்டுள்ளனர். ஆயினும் வழக்கின் மையத்தில் நின்றவள் யார் என்பதனை மறந்துவிடலாகாது. அவளுக்காகப் பேசியதால் அவருக்கு வாணிகத்திலோ பதவியிலோ கிடைக்கத்தக்கது ஒன்றுமில்லை. ஏழைக்கு நீதி வழங்கப்படாதவிடத்தில் குரு வாளாவிருத்தல் தகாது என்னும் எண்ணமே அவரை உந்தியது. அவ்வெண்ணத்தின் வேர் அவர் கற்ற விவிலியம். அவ்வகையில் சிறை விசுவாசத்தின் விளைவே. வெளிப்படுத்திய முறை மட்டும் அவருடைய இயல்பின் விளைவு.

தனியறையில் அவர் காவலில் வைக்கப்பட்டார். தொடக்கத்தில் எழுதுகோலும் மையும் மறுக்கப்பட்டன. அப்போதுதான் தொடங்கியிருந்த மொழிபெயர்ப்பு நின்றது. வெளியே, அவரைச் சார்ந்திருந்த சிறு சபை தலைவனற்றுக் கலங்கியது. புளூட்சோ ஒருவரே அதனைத் தாங்க வேண்டியிருந்தது. எழுதுபொருள் கிடைத்தபின் சீகன்பால்கு இரண்டு நூல்கள் எழுதினார். ஒன்று, இறைவனுக்கு உகந்த கிறித்தவ வாழ்வு பற்றியது. மற்றொன்று, இறைவனுக்கு உகந்த போதகப்பணி பற்றியது. இவ்விரு தலைப்புகளும் சிந்தனைக்குரியன. சிறைப்பட்ட ஒருவர் தம்மைச் சிறைவைத்தவரைப் பற்றிக் குற்றப்பத்திரிகை எழுதுவது இயல்பு. முறையீட்டுக் கடிதங்களை அவரும் பிற்பாடு எழுதினார். ஆனால் சிறையினுள் அவர் எடுத்துக்கொண்ட பொருள், தாம் எவ்வாறு வாழ வேண்டும், தம் தொழிலை எவ்வாறு செய்ய வேண்டும் என்பதே. விடுதலை வருமா என்பதனைவிட, விடுதலை வந்தாலும் வாராவிட்டாலும் தாம் எவ்வாறு இருத்தல் வேண்டும் என்னும் வினாவே அவரை ஆட்கொண்டது போலும். முன்னர்க் காட்டிய சொல்வேறுபாட்டில், இது நம்பிக்கையின் வினா அன்று, விசுவாசத்தின் வினா.

1709 மார்ச் 26ஆம் நாள் விடுவிக்கப்பட்டார். நான்கு மாதங்களுக்கு மேல் சிறையிருந்தவர், வெளிவந்ததும் விட்ட இடத்திலிருந்து மொழிபெயர்ப்பைத் தொடர்ந்தார். ஜூலையில் கிருண்ட்லர், போவிங், யோர்தான் என்னும் மூவர் உதவிக்கு வந்து சேர்ந்தனர்.

தமிழர் பட்ட துன்பம்

சீகன்பால்குவின் இடர்களைப் பேசும் நூல்கள் பெரும்பாலும் அவருடன் நின்ற தமிழரின் இடர்களைச் சுருக்கியே கூறுகின்றன. அவர் ஐரோப்பியர்; மன்னரின் ஆணை அவருக்குக் காவல். அழகப்பனுக்கு அத்தகைய காவல் ஏதுமில்லை. சமயப்பணியாளரோடு கொண்ட தொடர்பால் அவர் தரங்கம்பாடியிலிருந்து வெளியேற நேர்ந்தது. தஞ்சை நாட்டில் சிறைப்படவும் நேர்ந்தது. முதிய திண்ணைப்பள்ளி ஆசிரியரின் மகன் கணபதி வாத்தியார், செய்யுள் இயற்ற வல்லவர். குடும்பத்தாரின் கடும் எதிர்ப்பை மீறி 1709இல் ஞானஸ்நானம் பெற்றார். கிறித்தவக் கதைப்பொருளைத் தமிழ்ப் பாட்டாக்கினார். பெற்றோர், உறவினர், ஊர், சாதி என்னும் கட்டுகள் அனைத்தையும் ஒருங்கே இழப்பதென்பது கோட்டைச் சிறையினும் கொடிது. இவர்கள் நின்ற நிலையை அளவிடச் சீகன்பால்குவின் நாள்வழிக் குறிப்புகளும் கடிதங்களுமே பெரும்பாலும் நமக்கு வாயில்களாக உள்ளன. அவர்கள் குரலில் அவர்கள் கதை கிட்டியிருப்பின், இக்கட்டுரையின் நாயகர் வேறொருவராகவும் இருந்திருக்கக்கூடும்.

பொதுநிலையில் தமிழர் அவரை எதிர்கொண்ட முறை வன்முறை அன்று, வாதம். ஊர்ச் சத்திரங்களிலும் கோயில் அருகிலும் அவரோடு அந்தணரும் பண்டாரங்களும் வணிகரும் சொல்லாடினர். 1712 முதல் 1714 வரையில் அவரும் கிருண்ட்லரும் அனுப்பிய வினாக்களுக்குத் தமிழர் எழுதிய விடைகள் ஜெர்மன் மொழியில் பெயர்க்கப்பட்டு ஹாலேயில் வெளியாயின. அக்கடிதங்கள் 99. கிறித்தவரின் ஒழுக்கத்தை, சிறப்பாகத் தரங்கம்பாடி ஐரோப்பியரின் குடியையும் பொய்யையும், அவற்றை எழுதியோர் கூசாது கண்டித்தனர். அக்கண்டனத்தைச் சீகன்பால்கு நீக்கவில்லை, மொழிபெயர்த்து அனுப்பினார்.

அச்சகமும் நூல்களும்

புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பு 1711 மார்ச்சில் முற்றுப்பெற்றது. அதனை அச்சிடுவதில் நேர்ந்த தடைகள் ஒரு தனிக்கதை. இலண்டனிலிருந்து கிறித்தவ அறிவு வளர்ச்சிக் கழகம் அனுப்பிய அச்சுப்பொறி ஏறிவந்த கப்பல் பிரேசில் கரையருகே பிரெஞ்சுக்காரரிடம் சிக்கியது. மீட்கப்பட்டுப் பயணம் தொடர்ந்தபோது, உடன்வந்த அச்சர் பிங்க் வழியிலேயே இறந்தார். அச்சுப்பொறி வந்தது, அதனை இயக்கத் தெரிந்தவர் வரவில்லை. ஹாலேயில் வார்த்துத் தமிழ் எழுத்துகளை அனுப்பினர். அவை அளவில் பெரியன, தாளோ அரிது. எனவே பொறையாற்றில் சிறிய எழுத்துகள் வார்க்கப்பட்டன. அங்கேயே தாள் ஆலையும் தொடங்கப்பட்டது. நற்செய்தி நூல்களும் திருத்தூதர் செயல்களும் 1714இலும், எஞ்சிய பகுதி 1715இலும் அச்சாகி நிறைவெய்தின.

இவ்வாண்டுகளில் எதிர்ப்பு வேறு திசைகளிலிருந்தும் வந்தது. உதவிக்கு வந்த போவிங்கே அவரோடு முரண்பட்டு, 1711இல் திரும்பிச் சென்று குறைகூறி எழுதினார். புளூட்சோவும் அதே ஆண்டு தாயகம் மீண்டார். தமிழரின் சமயங்களையும் தெய்வங்களையும் விரிவாக விளக்கி 1713இல் சீகன்பால்கு எழுதி அனுப்பிய நூலைப் பிராங்கே அச்சிட மறுத்தார். புறச்சமயத்தைக் களைவதற்கு அனுப்பப்பட்டவர் அதனை ஐரோப்பாவில் பரப்புவதா என்பது அவர் தடை. ஆசிரியராகவும் ஆன்மிகத் தந்தையாகவும் போற்றியவரிடமிருந்து வந்த மறுப்பு அது. அந்நூல் அச்சேறியது 1867இல். 1711இல் எழுதிய மற்றொரு பெருநூல் 1926 வரை சுவடியாகவே கிடந்தது. தமிழ்ச் சமய ஆய்வுக்கு இன்று மூலங்களாக விளங்கும் இவ்விரு நூல்களும் அவர் காலத்தில் அவருக்குப் பெற்றுத்தந்தது ஐயப்பாடு ஒன்றையே. ஆயினும் அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. 1716இல் இலத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் ஹாலேயில் வெளிவந்தது.

ஹேசியஸோடு இணக்கம் ஏற்படாமையும் அவர் 1714இல் ஐரோப்பா செல்வதற்குக் காரணங்களுள் ஒன்று. அங்கு மன்னர் பிரடெரிக்கைப் போர்ப்பாசறையில் கண்டு தம் நிலையை எடுத்துரைத்தார். மரியா தொரொத்தேயா சால்ஸ்மன் என்பவரை மணந்தார். இங்கிலாந்தில் முதலாம் ஜார்ஜ் மன்னரைச் சந்தித்தார். 1716இல் தரங்கம்பாடி திரும்பியபோது ஹேசியஸ் ஆளுநராக இல்லை. புதிய ஆளுநர் நட்புடன் பழகினார். பத்தாண்டுத் தடை நீங்கியது. இறைவனை நம்பியிருந்தவனுக்கு முடிவில் வெற்றி என்று கதையை இங்கே நிறுத்த விரும்பிய வாழ்க்கை வரலாறுகளும் உண்டு.

இறுதி ஆண்டுகள்

ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. சமயப்பணியை மேற்பார்வையிட மன்னர் 1714இல் கோபன்ஹேகனில் ஒரு பணிக்கழகத்தை நிறுவியிருந்தார். கம்பெனியின் கையிலிருந்து பணி விடுபடும் என்று சீகன்பால்கு எதிர்பார்த்த அமைப்பு அது. அதன் செயலாளராகிய வெண்ட், பணியாளர் பண்டைத் திருத்தூதரைப் போல உடைமையின்றி ஊர் ஊராகச் சென்று போதித்தலே முறை என்னும் கொள்கையினர். பள்ளி, அச்சகம், ஆலயக் கட்டடம், பணியாளர் ஊதியம் ஆகியவை அவர் பார்வையில் வீண்செலவு. கட்டடத்தால் சமயம் வளராது என்னும் அவர் கருத்தில் ஒரு நியாயம் இல்லாமலில்லை. ஆனால் சமயம் மாறியதால் தொழிலையும் சுற்றத்தையும் இழந்து வந்தவர்க்கு உறைவிடமும் பிள்ளைகளுக்குப் பள்ளியும் யார் தருவர் என்பதனைக் கோபன்ஹேகனில் இருந்தவர் அறியார்.

1717 தொடக்கத்தில் அடிக்கல் நாட்டப்பட்ட புதிய எருசலேம் ஆலயம் 1718 அக்டோபர் 11ஆம் நாள் திறக்கப்பட்டது. அதன் பொருட்டும் பழி வந்தது. இறுதிக் காலத்தில் வெண்டிடமிருந்து வந்த கடுங்கண்டனம் சீகன்பால்குவின் உள்ளத்தை முறித்தது என்றே வரலாற்றாசிரியர் பலரும் எழுதுகின்றனர். ஹேசியஸின் சிறையில் நூலெழுதிய மனிதர், சொந்தக் கழகத்தின் கடிதத்தால் தளர்ந்தார். இது முரணாகத் தோன்றலாம். பகைவரென்று அறிந்தவரிடமிருந்து வரும் அடியைத் தாங்க மனம் முன்பே ஆயத்தமாயிருக்கும். உடன்பிறந்தாரென்று கருதியவரின் அடிக்கு அவ்வாயத்தம் இல்லை. விசுவாசம் உடையவர் வருந்தார் என்று கொள்வது, அவ்விசுவாசத்தையும் அவர் வருத்தத்தையும் ஒருங்கே பிழைபட உணர்வதாகும்.

நெடுநாள் வயிற்றுநோயும் சேர்ந்துகொள்ள, 1719 பிப்ரவரி 23ஆம் நாள் தம் 36ஆம் வயதில் அவர் காலமானார். இறுதி நேரத்தில் தமக்கு விருப்பமான ஜெர்மானியப் பாமாலை ஒன்றைப் பாடக் கேட்டார் என்பர். கிறிஸ்துவைச் சார்ந்திருத்தலே அப்பாட்டின் பொருள். பழிக்குக் காரணமான அதே ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். உடனிருந்த கிருண்ட்லரும் அடுத்த ஆண்டு மறைந்தார். சீகன்பால்கு தொடங்கிய பழைய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பு ரூத் நூலோடு நின்றிருந்தது. எஞ்சியதனைப் பெஞ்சமின் சூல்ட்சே முடிக்க, 1728இல் அச்சு நிறைவுற்றது.